கிளிஞ்சல் மேட்டில் துயில்வோர்

(ஜார்ஜ்டவுனில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் சிறுவனாக இருந்த காலத்தில் என் பாட்டியாரின் வெற்றிலைப் பெட்டியில் பித்தளைச் சுண்ணாம்புக் கரண்டகம் ஒன்று இருந்தது. கடையில் கிடைக்கும் எந்தச் சுண்ணாம்பையும் அவர் அதில் நிரப்ப மாட்டார். கல்லைச் சுட்ட சுண்ணாம்பு வாயை வேகவைத்துவிடும், கிளிஞ்சலைச் சுட்டதுதான் வெற்றிலைக்கு உகந்தது என்பது அவருடைய தீர்மானம். கடலோரத்துக் கிளிஞ்சலை வாரி வந்து, காளவாயிலிட்டு நீற்றி, பூசுவதற்கும் மெல்லுவதற்கும் பயன்படுத்துவது நம்மவர்க்கு எத்தனை தலைமுறை வழக்கம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மதராஸ் நகரத்துப் பழைய மாளிகைகளின் தூண்கள் சலவைக்கல்லைப்போல் பளபளத்ததும் அந்தக் கிளிஞ்சல் சுண்ணாம்பினாலேயே. இன்றைய பிரசங்கத்தை நான் சுண்ணாம்பிலிருந்து தொடங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் ஊருக்கு எதிர்க்கரையிலே, ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கிளிஞ்சலால் மூடப்பெற்று அமைதியாகக் கிடந்த ஒரு பெரிய ஈமபூமியை உலகம் அறிந்துகொண்டதும் சுண்ணாம்பால்; அதில் பெரும்பகுதி அழிந்துபோனதும் சுண்ணாம்பால்.

அந்த இடத்தின் பெயர் குவார் கெப்பா. பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே, கெப்பாளா பத்தாஸைக் கடந்து, பெனாகா வட்டாரத்தில், மூடா ஆற்றுக்கு அருகில் உள்ள சிற்றூர் அது. ஆற்றுக்கு அப்பால் கெடா மாநிலம். நாம் கடாரம் என்று வாயாரச் சொல்லும் பூஜாங் பள்ளத்தாக்கு அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. மலாய் மொழியில் கெப்பா என்றால் இரண்டு ஓடுகளையுடைய ஒருவகைக் கிளிஞ்சல். குவார் என்பது வடபுறத்து மக்கள் மேட்டு நிலத்துக்கு வழங்கும் சொல். ஆகவே கிளிஞ்சல் மேடு என்று ஊரின் பெயரே சரித்திரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஊர்ப்பெயர்களைக் காது கொடுத்துக் கேட்பவர்களுக்குப் பாதி ஆராய்ச்சி முடிந்துவிடும் என்று நான் எப்போதும் மாணவர்களிடம் சொல்லுவது வழக்கம்.

சில காலத்துக்கு முன்பு நண்பர் இருவரோடு அங்கே சென்றிருந்தேன். வழிநெடுக நெல்வயல், இடையிடையே தென்னையும் வாழையும் சூழ்ந்த மலாய்க் குடியிருப்புகள். மலை போன்ற ஒரு குவியலை எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாற்றமடைவார், ஏனெனில் மேடு இன்று மேடாக இல்லை. ஆனால், நாங்கள் கேட்ட கேள்விக்குப் பதிலாக அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் தம் வீட்டுக் கொல்லைப்புறத்துக்கு எங்களை அழைத்துச் சென்று, வாழைக்கன்று நடுவதற்கு வெட்டிய குழியைக் காட்டினார். ஒரு முழ ஆழத்தில் கருநிற மண்ணுக்கிடையே வெள்ளை வெள்ளையாக ஓடுகள் தெரிந்தன. ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வெளிப்புறம் சுண்ணாம்புபோல் பொடிந்து விரலில் ஒட்டிற்று; உட்புறமோ இன்னும் வழவழப்பாகவே இருந்தது; விளிம்பில் ஓரிடத்தில் சிறிது சிதைவு. சதையை எடுப்பதற்காக எவரோ ஓட்டைப் பிளந்த இடமாகவும் அது இருக்கலாம் அல்லவா என்று எண்ணியபோது, அதைக் கீழே வைப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் எடுத்துவருவது முறையன்று என்பதால், குழியிலேயே வைத்துவிட்டு வந்தோம்.

இந்த மேட்டைப் பற்றி முதன்முதலாக எழுதியவர் ஜார்ஜ் விண்ட்ஸர் ஏர்ல் என்னும் ஆங்கிலேயர். இவர் சாதாரண உத்தியோகஸ்தர் அல்லர். இந்தத் தீவுக்கூட்டத்து மக்களுக்கு ஒரு பொதுப்பெயர் வேண்டுமென்று கருதி, 1850இல் ‘இந்துநேசியர்’ என்ற சொல்லை ஆலோசித்து வெளியிட்டவர் இவரே. அந்தச் சொல்லைத் திருத்தி ‘இந்தோனேசியா’ என்று நிலைபெறச் செய்த ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸன் லோகன், நமது நார்தம் சாலைக் கல்லறைத் தோட்டத்தில் அடங்கியிருக்கிறார். வெல்லெஸ்லி மாகாணம் என்று அந்நாளில் வழங்கிய செபராங் பிறையிலே, கடற்கரையிலிருந்து சில மைல் உள்ளே தள்ளி, ஆளுயரத்தைப்போல் சில மடங்கு உயரமான கிளிஞ்சல் குவியல்கள் இருப்பதையும், சீனத் தொழிலாளர்கள் அவற்றை வெட்டிச் சுமந்துபோய்ச் சுண்ணாம்பு சுடுவதையும் 1860ஆம் ஆண்டையொட்டி ஏர்ல் பதிவுசெய்தார். சுண்ணாம்புக்காரர்கள் வெட்டியிராவிட்டால் குவியலின் உட்புறம் கண்ணில் பட்டிராது. பட்டபோதோ குவியல் பாதி காளவாய்க்குப் போயிருந்தது.

அக்காலத்தில் ஐரோப்பாவிலும் இதே போன்ற குவியல்கள் பேசப்பட்டுவந்தன. டென்மார்க் தேசத்துக் கடற்கரைகளில் மேடு மேடாகக் கிடந்த சிப்பி ஓடுகள் அலை ஒதுக்கியவை என்றே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். அவற்றினிடையே கல்லாயுதமும் கரியும் மிருகங்களின் எலும்பும் கலந்திருப்பதைக் கண்டு, இவை கடல் ஒதுக்கியவை அல்ல, மனிதன் உண்டு எறிந்தவை என்று அந்நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 1850ஐ ஒட்டி நிறுவினார்கள். அடுக்களைக் குவியல் என்னும் பொருளுடைய டேனிஷ் சொல்லே அன்றுமுதல் சாஸ்திரப் பெயராகிவிட்டது. அந்தப் பெயரைத்தான் நம் மேட்டுக்கும் இட்டார்கள். அந்தப் பெயர் இந்த மேட்டுக்குப் பாதிதான் பொருந்தும் என்பதே இன்று நான் உங்களிடம் சொல்ல விரும்பும் ஒரே விஷயம்.

ஏர்லுக்குப் பிறகு எழுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்துதான் முறையான அகழ்வு நடந்தது. 1934இல் அதை நடத்தியவர் வான் ஸ்டைன் காலன்ஃபெல்ஸ் என்னும் டச்சுக்காரர். சுமத்திராவின் வடகிழக்குக் கரையில் மேடான் அருகே இதுபோன்ற கிளிஞ்சல் குவியலைத் தோண்டிப் பழகியவர். குவார் கெப்பாவில் எஞ்சியிருந்த மூன்று குவியல்களையும் அவர் ஆராய்ந்தார். கயிற்றின் முறுக்கு பதிந்த மட்பாண்டத் துண்டுகள், இருபுறமும் செதுக்கிய கற்கள், இடையில் ஒடுங்கிக் காம்பு கட்டுவதற்கு வசதியாக அமைந்த கோடரிகள், அரைக்கும் கற்கள், அவற்றோடு மனித எலும்புகள் கிடைத்தன. எலும்புகள் சிலவற்றின்மேல் காவிக்கல்லின் சிவந்த பொடி படிந்திருந்தது; அரைக்கும் கற்களிலும் அந்தச் சிவப்பே தெரிந்தது. கல்லில் அரைத்து, கையால் எடுத்து, இறந்தவர்மேல் தூவியிருக்கிறார்கள்.

உண்டு எறிந்த குப்பையில் எவரும் பிணத்தை எறிந்துவிட்டுப் போனார்கள் என்று நினைப்பதற்கு அந்தச் சிவப்புப் பொடி இடங்கொடுப்பதில்லை. காவிக்கல்லைத் தேடி எடுக்க வேண்டும், பொறுமையாக அரைக்க வேண்டும், பிறகு உடலருகே உட்கார வேண்டும். குப்பையை அப்படி யாரும் உபசரிப்பதில்லை. நம் இல்லங்களில் சுமங்கலியாக இறந்த பெண்மணிக்கு மஞ்சளும் குங்குமமும் இட்டு, பூச்சூட்டி அனுப்பும்போது, அந்த நெற்றியில் குங்குமம் வைக்கும் கை எப்படி நடுங்கும் என்பதை இந்தச் சபையில் அறியாதவர் இரார். குவார் கெப்பா மக்களின் சிவப்பும் நமது குங்குமமும் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லுவது ஆராய்ச்சியும் ஆகாது. இறந்தவர்க்கு நிறம் வேண்டும் என்று தோன்றிய மனம் நமக்கு அந்நியமானது அன்று என்பதுமட்டும் எனக்கு நிச்சயம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நாம் மயானத்தை ஊருக்குப் புறத்தே வைத்தோம். சாவு வீட்டிலிருந்து திரும்பினால் தலைமுழுகிவிட்டுத்தான் உள்ளே நுழைவோம். அவர்களோ நாள்தோறும் உண்ட உணவின் ஓடுகள் சேர்ந்து உயர்ந்த அந்த மேட்டிலேயே தம்மவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். தந்தையும் பாட்டனும் தின்ற கிளிஞ்சலின்மேல் மகன் நின்று தின்றான். அந்த ஓடுகளுக்குள்ளேயே தாயை வைத்தான். அவள்மேல் மறுபடியும் ஓடுகள் விழுந்தன. தொலைதூரத்துப் பிரேஸில் நாட்டுக் கடற்கரையிலும் கிளிஞ்சலால் எழுப்பிய பெருமேடுகளில் மக்கள் தம் இறந்தோரைப் புதைத்திருப்பதைக் காணும்போது, உணவும் சாவும் ஓரிடத்தில் கூடுவது நமக்குத்தான் விநோதம், மனித குலத்துக்கு அன்று என்று தோன்றுகிறது. உண்மையில் நமக்குமே அது அவ்வளவு விநோதமா? தாமிரபரணிக் கரைக்கு அருகில் சிவகளையில் தோண்டி எடுத்த முதுமக்கள் தாழி ஒன்றில் நெல் இருந்தது. அதன் காலம் கி.மு. 1155 என்று கணித்திருக்கிறார்கள். அன்று தாழியில் நெல்லை வைத்த வழக்கத்துக்கும், பினாங்கின் பத்து லஞ்சாங் மயானத்துக்குப் புறப்படுமுன் நாம் வாய்க்கரிசி போடுவதற்கும் இடையே கடலும் மூவாயிரம் ஆண்டுகளும் இருக்கின்றன, அரிசி மாறவில்லை.

இயற்கையும் இந்த மேட்டுக்குத் துணைசெய்தது. நம் நாட்டு மழையும் புழுக்கமும் மண்ணைப் புளிப்பாக்கிவிடுகின்றன. புளித்த மண்ணில் எலும்பு நீண்ட நாள் தங்குவதில்லை, கரைந்துபோகும். கிளிஞ்சலின் சுண்ணம் அந்தப் புளிப்பை முறிக்கிறது. வயலிலோ காட்டிலோ புதைத்திருந்தால் தடமின்றி மறைந்திருக்கும் அந்த மக்களை, அவர்கள் தின்று போட்ட ஓடுகளே காப்பாற்றி வைத்திருந்தன. குவியல் கடலிலிருந்து சில மைல் உள்ளே இருப்பதற்கும் காரணம் உண்டு. ஏறக்குறைய ஐயாயிரம் ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு கடல் இன்றைக்கு இருப்பதைவிடச் சில மீட்டர் உயர்ந்திருந்தது. இன்று நெல் விளையும் தாழ்நிலம் அன்று சேறும் அலையும் புரண்ட கரை. கடல் பின்வாங்கியது, மேடு வயலுக்கு நடுவே நின்றுவிட்டது.

இனி 2017ஆம் ஆண்டுக்கு வருகிறேன். அந்த இடத்தில் ஒரு காட்சிக்கூடம் அமைப்பதற்காக அவ்வாண்டு ஏப்ரலில் வேலை நடந்துகொண்டிருந்தபோது, எவரும் எதிர்பாராத வகையில் மண்ணுக்கடியில் ஒரு மனித எலும்புக்கூடு வெளிப்பட்டது. நமது மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் ஆய்வாளர்கள் உடனே வந்து முறைப்படி அகழ்ந்தார்கள். அது ஒரு பெண்ணின் உடல். கைகள் மடங்கிய நிலையில் கிடந்தாள். சுற்றிலும் கிளிஞ்சலும் மட்பாண்டமும் கல்லாயுதமும். ஏறத்தாழ 5,700 ஆண்டுகளுக்கு முற்பட்டவள் என்று கணித்து, ‘பினாங்குப் பெண்’ என்று பெயரிட்டார்கள். காலன்ஃபெல்ஸின் ஆட்கள் தோண்டியும், அவர்களுக்கு முன்னே சுண்ணாம்புக்காரர்கள் வெட்டியும், பின்னே வீடுகள் எழுந்தும், இத்தனைக்கும் தப்பி அவள் ஒருத்தி அங்கேயே இருந்திருக்கிறாள். பேராக் மாநிலத்து லெங்கோங் பள்ளத்தாக்கில், 1991இல் பேராசிரியர் சுரைனா மஜீத் அவர்களின் குழு அகழ்ந்தெடுத்த ‘பேராக் மனிதன்’ இவளுக்கும் பல்லாயிரம் ஆண்டு மூத்தவன். அவனையும் கால் மடக்கிப் படுக்கவைத்து, ஆற்று நத்தைகளைச் சுற்றிலும் கொட்டித்தான் அடக்கம் செய்திருந்தார்கள். அவன் பெயரைப் பள்ளிப் பிள்ளைகள் அறிவார்கள். இவள் பெயரைப் பினாங்கிலேயே பலர் கேட்டதில்லை.

இவ்விடத்தில் நம்மவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உரிமையோடு சொல்லுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கடாரம் என்றதும் நம் முகம் மலர்கிறது. 1025ஆம் ஆண்டை ஒட்டி இராஜேந்திர சோழனின் கப்பற்படை இக்கரைக்கு வந்ததை மேடைக்கு மேடை முழங்குகிறோம். பூஜாங் பள்ளத்தாக்குக்குப் பேருந்து பேருந்தாகப் பிரயாணம் செய்கிறோம். செய்ய வேண்டியதுதான். ஆனால் அந்தப் பேருந்து மூடா ஆற்றைக் கடக்குமுன் சிறிது நேரம் இப்புறத்தில் நின்று, சோழன் வருவதற்கு நாலாயிரத்தெழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே வாழ்ந்து இறந்த அந்தப் பெண்ணுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. அவள் தமிழச்சி அல்லள் என்பதனாலா? பழைய எலும்புகளை ஆராய்ந்த மைஸ்பெர்க் என்னும் டச்சுப் பண்டிதர், 1940இல், தாடையையும் பல்லையும் அளந்து பார்த்து, இவர்கள் மெலனேசிய இனத்தோடு உறவுடையவர்கள் என்று அபிப்பிராயப்பட்டார். பல்லை அளந்து குலத்தை வகுக்கும் அந்தக் காலத்து முறையில் எனக்கு நம்பிக்கை குறைவு. எந்த இனமாயினும் ஆகட்டும். முன்னோர் என்பதனால் வணங்குவது ஒன்று. நமக்கு முன்னே இந்த மண்ணில் இருந்தவர் என்பதனால் வணங்குவது மற்றொன்று. முதலாவதற்கு உறவு வேண்டும். இரண்டாவதற்குப் பண்பு போதும். பிறை வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு நம் முன்னோர் கூலிகளாக வந்து, காடுதிருத்தி, அங்கேயே பெயர் தெரியாத குழிகளில் அடங்கினார்கள். அந்தக் குழிகளை மற்றவர் மதிக்க வேண்டும் என்று விரும்புகிற நமக்கு, கிளிஞ்சல் மேட்டுக் குழிகளை மதிக்கும் கடமை இரட்டிப்பாக உண்டு.

தாயகத்தில் இதற்கு நேரான கதை ஆதிச்சநல்லூரில் நடந்தது. பொருநை எனப்படும் தாமிரபரணி ஆற்றங்கரையில் நூற்றுப் பதினான்கு ஏக்கர்ப் பரப்புள்ள அந்த ஈமக்காட்டை 1876இல் தோண்டிய ஜெர்மானியர் யாகோர், கிடைத்தவற்றைப் பெர்லினுக்கு எடுத்துச் சென்றார். பின்னர் 1899 முதல் பல ஆண்டுகள் அகழ்ந்த அலெக்ஸாண்டர் ரீ ஈட்டிய பொருள்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தன; அவற்றை நாம் இன்றும் சென்று காணலாம். இறந்தவர்க்குத் தாழி வனையும் குயவனை முன்னிலைப்படுத்திப் பாடிய புறநானூற்றுப் பாடல்களைப் படிக்கிறவர்களுக்கு, எழும்பூரில் அந்தத் தாழிகளின் முன் நிற்கும்போது ஏற்படும் நெகிழ்ச்சி, ஒரு புத்தகத்தாலும் வருவதில்லை. குவார் கெப்பாவில் 1934இல் எடுத்த எலும்புகளோ ஹாலந்து தேசத்து லெய்டன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 41 பேருடைய எச்சங்கள் அங்கே இருப்பதாகக் கணக்கிட்டு, அவற்றைத் திருப்பித் தருமாறு பினாங்கில் குரல் எழுந்தது. அது நியாயமான குரல். மேட்டிலிருந்து எடுக்கப்பட்டவர்களின் விருப்பத்தைக் கேட்டு எடுக்கவில்லை. குறைந்தபட்சம், அவர்கள் பார்த்த கடலுக்கு அருகிலேனும் அவர்களை வைக்க வேண்டும். அறிவுலகத்துக்கு அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. இக்கால ஆராய்ச்சிக்கு வேண்டிய வசதிகள் நம் தீவிலேயே இருக்கின்றன.

காளவாயில் வெந்துபோனவை மீளப்போவதில்லை. அவற்றைச் சுட்ட ஏழைத் தொழிலாளியைக் குறைகூறவும் எனக்கு மனம் இல்லை. அவனுக்கு அது பிழைப்பு, அந்தக் காலத்தில் அவனுக்கு எடுத்துச் சொல்வாரும் இல்லை. இந்த ஜார்ஜ்டவுனின் பழைய சுவர்கள் அத்தனையும், பினாங்குத் தெருவிலுள்ள செட்டியார் கிட்டங்கிகள் உட்பட, செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுந்தவைதாம். 2008இல் உலகப் பாரம்பரிய நகரம் என்ற கௌரவம் கிடைத்ததிலிருந்து, அந்தச் சுவர்களில் ஒரு விரற்கடை பெயர்ந்தாலும் பழைய முறைப்படியே சுண்ணாம்பு குழைத்துப் பூசுகிறோம். சுவருக்குக் காட்டும் சிரத்தையில் ஒரு பங்கை மேட்டுக்கும் காட்டலாம்.

செபராங் பிறையிலிருந்து படகேறி இங்கே வந்திருப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களில் வீடு கட்டுகிறவர்கள், கிணறு வெட்டுகிறவர்கள், தோட்டம் போடுகிறவர்கள் உண்டு. கடலில்லாத இடத்தில், மண்வெட்டியின் கீழே கிளிஞ்சல் அடுக்கடுக்காக வந்தால், அதனிடையே எலும்போ செதுக்கிய கல்லோ சிவந்த மண்ணோ தென்பட்டால், தயவுசெய்து வேலையை அங்கேயே நிறுத்துங்கள். எதையும் எடுக்க வேண்டாம், கழுவ வேண்டாம், குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டாம். 2005ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டப்படி, கண்டெடுத்ததை உங்கள் மாவட்ட அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள்.